கட்டைவிரல்

எலக்ட்ரீசியன் மூன்று நாளாக ஏமாற்றியதில், புகைந்துபோன பிளக் பாயிண்டை ஜெயப்பிரியாவே மாற்ற உட்கார்ந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை. ஒரகடம் கம்பெனியிலிருந்து கணவன் கார்த்திக் போன் ஸ்பீக்கரில் வழி சொன்னான்.

“ஃபியூஸப் புடுங்கிட்டியா?”

“புடுங்கி இடுப்புல சொருகிகினு கீறேன்.”

“ஓட்டையில டெஸ்டர வுட்டு, தலையில கட்டவெரல வெச்சிப் பாரு. கரண்ட் இருந்தாலும் ஆள் தொட்டாத்தான் அது எரியும்.”

வைத்துப் பார்த்தாள், எரியவில்லை. நிம்மதியாக டெஸ்டரை அப்படியே சுவரில் விட்டுவிட்டு, உத்திரமேரூரில் வாங்கிய புது பாயிண்டை எடுக்க அலமாரிக்குப் போனாள். திரும்பினால், டெஸ்டர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

“இன்னாங்க, இப்ப எரியுதே!”

“ஐயையோ, மொதல்ல வெரல எடு!”

ஜெயப்பிரியா தன் கைகளைப் பார்த்தாள். ஒன்றில் போன், மற்றதில் புது பாயிண்ட்.

சுவரில் டெஸ்டர் அணைந்தது.