மங்கையற்கரசியின் கொப்பி

"டொக்டர் ஐயா, இவளுக்கு முழு விசர். அங்கொடைக்கு அனுப்ப ஒரு கடதாசி எழுதித் தாங்க."

கதிரையில் இருக்கப் பொறுமையில்லாமல் நின்றபடியே சொன்னார் நல்லரத்தினம். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற குருக்கள்மடத்து வட்டை விதானையார். வயல்காரர் அத்தனை பேரும் அவர் சொல்லுக்குத்தான் மண்வெட்டி எடுப்பார்கள். அப்படிப்பட்ட மனுசனுக்கு வாய்த்தாளே ஒரு பொஞ்சாதி!

டொக்டர் கடதாசி எடுத்து அவள் பெயரை எழுதினார். மங்கையற்கரசி சுவரோடு ஒட்டி நின்றாள். கலைந்த தலை, கையில் ஒரு கொப்பி. அங்கொடை விசர் ஆஸ்பத்திரிக்குப் போன யாரும் திரும்பி வந்ததை ஊர் கண்டதில்லை. அவளுக்கோ மூன்று பிள்ளைகள்.

சாட்சி சொல்ல வந்த பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்குமா?

"ரெண்டு வருசமா இதே கூத்து ஐயா. அஞ்சாம் வகுப்புப் படிச்ச திமிர், எந்நேரமும் எழுத்து! அவர் போற இடமெல்லாம் பின்னால ஓட்டம். போன கிழமை வாவிக்குள்ள இறங்கி அவர்ர வேட்டியப் புடிச்சு இழுக்கிறா. வெட்கம் கெட்டவள்! ஊரே சிரிச்சது. அவரோ யுத்தப் பஞ்சத்தில ராப்பகலா நின்டு வாய்க்கால் வெட்டின தங்கமான மனுசன்."

"வாவிக்குள்ள அவர் என்னத்துக்குப் போனவர்?" என்றார் டொக்டர்.

இலட்சுமிப்பிள்ளை விழித்தாள். "அது... குளிக்கத்தானே."

டொக்டர் கொப்பிக்குக் கை நீட்டினார். மங்கையற்கரசி புருசனை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். டொக்டர் வாய்விட்டுப் படித்தார்.

"புரட்டாதி மூன்று. ஆறு நாளாக நித்திரை இல்லை. சிரித்துச் சிரித்துப் பேசினார். அதே மூச்சில் சாகவேணும் என்று அழுதார். புரட்டாதி நாலு. கண்ணகை அம்மன் காதுக்குள் கூப்பிடுறாவாம். வாவிக்குள் நடந்தே போனார். வேட்டியைப் பிடித்து இழுத்தேன்."

நல்லரத்தினம் பெரிதாகச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஓம், அவ கூப்பிடுறாதான். இப்பவும் கூப்பிடுறா. உங்களுக்குக் கேக்கல்லையா?"

இலட்சுமிப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்குத்தான் முதல்தரம்.

டொக்டர் ஆட்களைக் கூப்பிட்டு அவரைப் பக்குவமாக வார்டுக்கு அனுப்பினார்.

"சந்தோசமும் சாகிற நினைப்பும் ஒண்டா வாற வருத்தம் இது. மிச்சம் பொல்லாத நோய். நீ நாள் தவறாம எழுதினபடியால்தான் பிடிபட்டது. அங்கொடை வேண்டாம், என்ர பார்வையில இஞ்சயே இருக்கட்டும்."

கடதாசியில் இருந்த அவள் பெயரை வெட்டினார்.

"ஏன் பிள்ளை, ரெண்டு வருசமா ஊர் உன்னை விசரி எண்டு சிரிச்சிருக்கு. நீ வாய் திறக்கல்லையே?"

"அவருக்கு விசர் எண்டா ஊர் கல்லெறியும் ஐயா. எனக்கெண்டா, 'பாவம், நல்ல மனுசன்' எண்டு அவருக்கு இரங்கும். இரங்கட்டும் எண்டு விட்டுட்டன்."