பஸ் மாதிரிதான்

விமானம் ஓட ஆரம்பித்தது.

அவன் இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்தான். கைகள்தான் அவன் சொன்னபடி கேட்கும். இடுப்புக்குக் கீழே இருபத்தெட்டு வருடமாக எந்த உணர்வும் இல்லை. சக்கர நாற்காலியைச் சாமான்களோடு ஏற்றிவிட்டார்கள்.

"பிஸ்மில்லா" என்று பக்கத்து இருக்கையில் துணைக்கு வந்த பாத்திமுத்து லாத்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் மூடவில்லை. ஒன்றையும் தவறவிடக் கூடாது.

இரைச்சல் ஏறியது. முதுகை யாரோ இருக்கையோடு சேர்த்து அமுக்குவதுபோல இருந்தது.

தரை விட்டுப்போனது.

"எக்கா!"

வாய்விட்டே கத்திவிட்டான். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கூடப்பிறந்த எஸ்கலின் அக்கா இறந்து மூன்று மாதம் ஆகிறது.

கணக்கு டீச்சர். தோணியில் சரக்கு ஏற்றும்போது அவன் விழுந்தானே, அன்றிலிருந்து அவனைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டவள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். ஊர் சுற்றுவதை மட்டும் விடமாட்டேன் என்றாள்.

வருடத்துக்குப் பன்னிரண்டு நாள். மே மாதம்.

அதற்காகத் தெருவில் ஒரு கூட்டம் சேர்த்தாள். எல்லார் வீட்டிலும் யாரோ ஒருவர் படுக்கையில். ஒருத்தி வெளியே போனால் மற்றவர்கள் முறைவைத்து அவள் வீட்டில் உட்கார வேண்டும். அக்கா போனது பன்னிரண்டு நாள். மீதி வருடமெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் ஏதாவது ஒரு வீட்டுக் கட்டிலருகே இருப்பாள். கஞ்சி புகட்டுவாள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிப்பாள். லாத்தாவின் மாமியாருக்குத் தலை பின்னிவிடுவாள்.

கெய்ரோ போனாள். ஹனோய் போனாள். சமர்கண்ட் போனாள்.

திரும்பி வந்ததும் அவன் ஆவலாகக் கேட்பான்.

"பெருசா ஒண்ணும் இல்லல. ஒரே தூசி."

விமானம்?

"பஸ் மாதிரிதான்ல. உக்காந்தா தூக்கம் வரும்."

அவன் நம்பினான். ஒருநாள்கூட ஏங்கியதில்லை.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து கூட்டத்துப் பெண்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவள் பேரில் உனக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டார்கள். அக்கா போன மாதிரி ஒரு தடவை போகணும் என்றான். எங்கே என்றார்கள். எங்கேயாவது என்றான்.

இப்போது விமானம் சாய்ந்து திரும்பியது.

கீழே உப்பளம். வெள்ளை, ரோஸ், பச்சை. பாத்தி பாத்தியாக யாரோ துணி காயப்போட்டதுபோல. அதற்கு அப்பால் துறைமுகச் சுவர், கடலுக்குள் கிழித்த ஒரு கோடு. அவன் விழுந்த இடம் அங்கேதான் எங்கோ. சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிட்டது.

மேகம் ஜன்னலில் வந்து மோதி உடைந்தது.

மேலே வெயில். அவ்வளவு வெயில்!

"பஸ்ஸாம்! பஸ்ஸாம் எக்கா, பஸ்ஸாம்!"

சிரித்தான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. இரண்டு உள்ளங்கையும் கண்ணாடியில் ஒட்டியிருந்தன.

லாத்தா ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். வாயைத் திறந்தவள் மூடவே இல்லை.

"லாத்தா, நீங்க எங்க போவணும்னு ஆச?"

"எனக்கென்ன தம்பி." வெளியே வெள்ளை மேகத்தைப் பார்த்தாள். "காஷ்மீரு. பனிய ஒரு தடவ கையில எடுத்துப் பாக்கணும்."

"போவ வேண்டியதுதான?"

"மாமியார யாரு பாக்கது? இன்னைக்கு ஒரு நாளைக்கே முறை போட ஆளு கெடைக்காம தவிச்சிட்டோம். எஸ்கலின் இருந்தா வந்து உக்காருவா. இப்ப ஒரு ஆளு கொறவுல்லா."

அவன் முதல்முறையாக ஜன்னலை விட்டுத் திரும்பினான்.

"ஒங்க வீட்டு வாசல்ல எத்தன படி? நாற்காலி ஏறுமா?"