அடகு வைத்த குரல்

மாலை ஆறு மணியானால் கோமளவல்லி தேநீருடன் கைப்பேசியின் அருகே அமர்ந்துவிடுவாள். விருதுநகரிலிருந்து அக்கா தெய்வானை அழைக்கும் நேரம் அது. எட்டு மாதமாக அழைப்பில்லை. இவள் அழைத்தாலும் அக்கா எடுப்பதில்லை. ஆயினும் அந்த நேரத்தில் அவள் வேறெங்கும் போவதில்லை.

வாங்கிய கடனுக்கு ஈடாகத் தன் குரலின் நகலை அவள் ஒரு நிதி நிறுவனத்திடம் கொடுத்திருந்தாள். கடன் தீரும்வரை அதை அவர்கள் யாரிடமும் பேசவைத்து வேலைவாங்கலாம். கணக்கு அறிக்கை கேட்பது கடன் வாங்கியவரின் உரிமை என்று அறிந்து, ஒருநாள் எழுதிக் கேட்டாள். குரல் பேசிய இடங்களெல்லாம் தேதியோடு வந்தன. பாக்கி வசூலுக்காக நானூறு பேரிடம் பேசியிருந்தது. அதே நிறுவனத்தில் கடன் வாங்கியிருந்த தெய்வானையிடம் பதினொரு முறை.

மறுநாளே விருதுநகருக்குப் பேருந்து ஏறினாள்.

கதவைத் திறந்த அக்கா, "ஃபோன்ல ஏசினது போதாதுன்னு, நேர்லயே வசூலுக்கு வந்துட்டியாக்கும்?" என்றாள்.

கோமளவல்லி அறிக்கையை நீட்டினாள். "ஏசினது நான் இல்லக்கா. ஆனா, எங்க போய்ப் பேசும்னு கேக்காம குரலை அடகு வச்சது நான்தான். மன்னிச்சிரு."

தெய்வானை பதினொரு தேதிகளையும் நிதானமாக வாசித்தாள். ஒன்றில் அவள் விரல் நின்றது.

"அன்னைக்கு எனக்கு நல்ல காய்ச்சல். உன் குரலக் கேட்டதும், நீ விசாரிக்கத்தான் கூப்பிடுறேன்னு நெனச்சேன்."

கோமளவல்லி அவள் அருகே சென்று நெற்றியில் கைவைத்தாள்.

"இப்ப எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள்.