துல்கர்னைன் விட்டுப்போன குப்பி

குற்றாலநாதர் மேல் ஆணை! சத்தமாகவே சொல்லுகிறேன், நாலு பேர் கேட்கட்டும். இதில் ஒரு சொல் பொய்யானாலும் இனி எந்தச் சீசனிலும் என் மேல் ஒரு சொட்டுச் சாரல் விழவேண்டாம்.

எண்பத்திரண்டாம் வருஷம், ஆடி மாசம். செண்பகாதேவி அருவிக்குப் போகிற பாதையோரம் ஒரு கசம், ஆழமான நீர்மடு, உண்டு. அதன் ஆழத்தைக் கண்டவன் எவனும் திரும்பி வந்து சொன்னதில்லை. அதில் அய்யாத்துரை வழுக்கி விழுந்துவிட்டான். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற பரமசிவனுக்கு ஒரே தம்பி.

ஆள் மேலே வரவில்லை. ஆனால் பாறையில் காதை வைத்தால் உள்ளேயிருந்து டொக் டொக்கென்று கல்லால் தட்டுகிற சத்தம். தண்ணீருக்கு அடியில் ஒரு பொந்து, அதில் கொஞ்சம் காற்று அடைபட்டுக் கிடந்திருக்கிறது.

"உசுரோட இருக்கான்யா! யாராவது எறங்குங்கய்யா!" என்று பரமசிவன் அலறினான்.

தென்காசிக்கு ஆள் ஓடி துல்கர்னைனைக் கூட்டி வந்தார்கள். கல்ஃபில் கப்பலுக்கு அடியில் முங்கி வேலை பார்க்கிறவன், லீவில் வந்திருந்தான். ஜீப்பிலிருந்து ஒரு பையை இறக்கினான் பாருங்கள், நாம் விடுகிற மூச்சையே சுத்தம் பண்ணி நமக்கே திருப்பிக் கொடுக்குமாம்! கூடவே இரண்டு இரும்புக் குப்பி. ஒன்று பெரிசு, ஒன்று சின்னது.

"மூச்சுக்குத்தான் பை இருக்கே, இது என்னத்துக்குலே?" என்று கேட்டேன்.

"பை மக்கர் பண்ணினா இதுல உள்ள காத்தக் குடிச்சி மேல வந்துரலாம் அண்ணாச்சி. வரும்போது ரெண்டு ஆளுல்லா? அதான் பெருசக் கொண்டுட்டுப் போறேன்."

அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பையை மாட்டிக்கொண்டிருந்தான். பரமசிவன் பெரிய குப்பியைக் கட்டிக்கொண்டு, சாமி சிலையைத் தடவுகிற மாதிரி அதன் தலையைத் தடவித் தடவிக் கும்பிட்டான். "திருகு இறுகிக் கெடக்கே" என்று முனகினான்.

துல்கர்னைன் வந்து அதைத் தூக்கினான். மூக்கருகே கொண்டுபோனான். பரமசிவனை ஒருதரம் பார்த்தான். கீழே வைத்துவிட்டுச் சின்னதை எடுத்துக் கட்டினான்.

"ஏலே, பெருசுக்கு என்னலே ஆச்சு?" என்றார் மேலகரத்து லாட்ஜ்காரர் சந்தானகிருஷ்ணன்.

"அது வெல ஜாஸ்தி அண்ணாச்சி. வீணாக்க முடியாது."

கூட்டம் கொதித்துவிட்டது.

"ஒரு உசுரு போவுது, நீ காத்துக்கு வெல பாக்கியா? மனுசனாலே நீ?"

பரமசிவன் அவன் காலில் விழுந்தான். "பெருசக் கொண்டு போ சாமி! ஆயுசுக்கும் ஒழைச்சு அந்த வெலயக் கழிக்கேன்!"

துல்கர்னைன் காலை உருவிக்கொண்டு கசத்தில் இறங்கிவிட்டான்.

ஒரு குமிழ் மேலே வரவேண்டுமே? வரவில்லை. அந்தப் பை குமிழ் விடாதாம், எங்களுக்குத் தெரியுமா? இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்றே நினைத்தோம். மரத்துக் குரங்குகள் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் தண்ணீரையே பார்த்தன. அருவியே இரைச்சலைக் குறைத்துக்கொண்டது. ஆணை!

திடீரென்று நடுக்கசத்தில் குபுகுபுவென்று குமிழ்.

"குப்பியத் தொறந்துட்டான்லே!"

குமிழ் கரையை நோக்கி வந்தது. வர வர மெலிந்தது. நின்றேபோனது.

"தீந்துபோச்சு! பெருச எடுத்திருந்தா..." என்று சந்தானகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போது தண்ணீர் பிளந்தது. முதலில் அய்யாத்துரை தலை, வாயில் குப்பியின் குழாய். அவனைக் கீழிருந்து தள்ளிக்கொண்டு துல்கர்னைன், மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக.

அய்யாத்துரையைக் கட்டிப்பிடிக்க அத்தனை பேர். துல்கர்னைனுக்கு ஒரு துண்டு கொடுக்க ஆளில்லை.

"கஞ்சப்பய! எந்தம்பியக் கொல்லப் பாத்தானே!" என்று பரமசிவன் காறித் துப்பினான்.

பாவமாக இருந்தது. பெரிய குப்பியை நானே ஜீப்புக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"திருகத் தொறந்துராதீங்க அண்ணாச்சி!" என்று துல்கர்னைன் பாய்ந்து வந்து பிடுங்கினான்.

என் கை வழுவழுத்தது. முகர்ந்தேன். பச்சைக் கர்ப்பூரம் போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெய். குற்றாலத்தில் அதைத் தேய்க்கிறவன் பரமசிவன் ஒருத்தன்தான்.

"சுத்தமான ஆக்சிஜன் அண்ணாச்சி. எண்ணெய் பட்டுத் தொறந்தா தீப்பிடிச்சி வெடிச்சிரும். திருகு லேசா வரட்டும்னு தடவிட்டாரு. எண்ணெ திருகு மரைக்குள்ள எறங்கிட்டு, தொடைச்சாலும் போவாது."

"அங்கனயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானலே?"

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"சின்னதுல காத்து பத்தாம தம்பி செத்திருந்தா? தன் கையாலதான் போச்சுன்னு அவரு காலம்பூரா வேகணுமா? இப்பச் சொன்னாலும் வேகத்தான் செய்வாரு. நான் கஞ்சனாவே இருந்துட்டுப் போறேன்."

இன்றைக்கும் பரமசிவன் என் முதுகில் அதே எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, அந்தக் கஞ்சனைத் திட்டுகிறான். நானும் "ஆமாலே, கஞ்சப்பயதான்" என்று தலையாட்டுகிறேன். குற்றாலம் வந்தால் நீங்களும் தலையை ஆட்டிவையுங்கள். நான் சொன்னேன் என்று மட்டும் ஒருத்தரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.