கைகோக்காத தண்ணீர்

உடலைவிட்டு வந்த ஈரல் ஒன்று, உறைபெட்டிக்குள் இன்னோர் உடலுக்காகக் காத்திருந்தது.

“பயப்படாதே கண்ணு, குளிர் ஏறினதும் நாங்க எல்லாரும் கைகோத்து உன்னை இறுக்கிப் பிடிச்சுக்கிறோம்,” என்றது அதற்குள் ஊறியிருந்த தண்ணீர்.

ஈரலுக்கே ஈரக்குலை நடுங்கியது. பக்கத்துப் பெட்டிச் சிறுநீரகத்தையும் அதன் தண்ணீர் இப்படித்தான் பிடித்தது. கைகோத்த தண்ணீர் பனி ஊசிகளாகிக் குத்திக் கிழித்ததில், உருகியபோது அது கூழாகத்தான் மிஞ்சியது.

அதற்குள், பனி ஊசி முளைக்காமல் தடுக்கும் மருந்துப்பாகு குழாய் வழியே வந்து தண்ணீருக்கு நடுவில் புகுந்தது. “உறையும்போது நின்ன இடத்துலயே நில்லுக்கா. யார் கையையும் பிடிக்காதே.”

“பிடிக்காம எப்படிப்பா காப்பாத்துறது?” என்று தண்ணீர் அழுதது. ஆனாலும் தனித்தனியே நின்று, கண்ணாடிபோல் இறுகியது.

மாதங்கள் கழித்து, புதிய உடலின் சூடான ரத்தம் பாய்ந்து ஈரல் கண்விழித்தது.

“மன்னிச்சுக்கோ கண்ணு, உன்னை நான் பிடிச்சுக்கவே இல்லை,” என்றது தண்ணீர்.

“தெரியுது,” என்றது ஈரல், ஒரு கீறல்கூட இல்லாமல்.