முள் பூஜ்யத்தில் நின்ற சிலிண்டர்

குழந்தைகள் அவசரப் பிரிவின் தலைமை நர்ஸ் கோபப்பட்டால் மூன்று மாடிக்கும் ஜன்னல் கண்ணாடி அதிரும். அன்று காலை கீழ்த்தள ஸ்டோரில் மருந்துப் பெட்டிகளே எழுந்து நின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நிமோனியாவில் மூச்சுத் திணறிக் கிடந்த நான்கு வயதுக் குழந்தைக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரின் முள் பூஜ்யத்தைத் தொட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. முகமூடியில் காற்று மட்டும் நிற்கவில்லை.

ஸ்டோர் அதிகாரி போனிலேயே, "அதான் ஓடுதுல்லம்மா, அப்புறம் எதுக்குப் புதுசு?" என்றார்.

"நின்னுபோனா உங்க மூச்சைப் பிடிச்சா குடுப்பீங்க? இப்ப அனுப்பலேன்னா நான் அங்க வருவேன்!"

பத்தே நிமிடத்தில் சிலிண்டர் வந்தது. பழையதைக் கழற்றக் குனிந்த வார்டு ஊழியர் குனிந்தபடியே நின்றுவிட்டார். குழாயின் மறுமுனை சிலிண்டரில் இல்லை. கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடந்தது. மேலே முகமூடி சீராக ஊதிக்கொண்டிருக்க, குழந்தை நிம்மதியாகத் தூங்கியது.

"சிஸ்டர்... இது..."

"வாயத் திறக்காதீங்கண்ணே." நர்ஸ் பல்லைக் கடித்தபடி குழாயைத் துடைத்துப் புதிய சிலிண்டரில் செருகினாள். "அந்தாளுக்குத் தெரிஞ்சா, நாளையிலேர்ந்து சிலிண்டரே வேணாம்னு எழுதிடுவான்."