முதல் வரியோடு நின்றவர்

லத்தி கதவில் தட்டும் சத்தம் முதலில் வந்தது. அதற்கப்புறம்தான் ஏட்டு ஆதிமூலம் வந்தார். பின்னாலேயே காக்கிச் சட்டையில் ஓர் ஆள். இடது புருவத்தில் ஆறியும் ஆறாத தையல்.

"கமலாம்மா, இவரு பஸ் டிரைவரு பொன்னுரங்கம். இட ஒதுக்கீடு கேட்டு எலவனாசூர்கோட்டை ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டு மறிச்சாங்களே, அன்னிக்கி இவரு வண்டிமேலதான் கல்லு உழுந்துச்சி. கண்ணாடி நொறுங்கி கண்ணுல பூந்துடுச்சி. இப்ப தேவலை. பார்வை நல்லாருக்குன்னு நீங்க எழுதிக் குடுத்தா திங்கக்கிழமை டூட்டி ஏறிக்குவாரு."

"இல்லன்னா?"

"ஸ்டியரிங்க மறந்துட வேண்டியதுதான். டிப்போவுல வண்டி கழுவட்டும்." ஆதிமூலம் சிரித்தார். "எங்களுக்கும் இவரு கண்ணு வேணும்மா. கல்லு வுட்டவன் மூஞ்சிய நல்லா பார்த்தேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. ஜீப்புல ஏத்தி ஊர் ஊரா கூட்டிகினு போவப் போறோம். இவரு கை காட்டறவன அப்பிடியே தூக்கிடுவோம்."

"சரி, நீங்க போயி டீ குடிங்க. டெஸ்ட் எடுக்கறப்ப எனக்குக் கூட்டம் ஆவாது."

எண்பத்தேழில் கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் கண் டெஸ்ட் என்றால் கமலாதான். மூக்குக்கண்ணாடி ஆசையில் தெரியாததுபோல் நடிப்பவர்களையும், போலீஸ் வேலைக்காக எழுத்து அட்டையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வரும் பையன்களையும் நொடியில் பிடித்துவிடுவாள். "எங்கிட்ட பொய் சொல்ற கண்ணு இன்னும் பொறக்கல" என்பாள். ஊரில் யாரும் அதை மறுத்ததில்லை.

டிரைவரை இருபதடி தள்ளி ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

"எடது கண்ண மூடிக்கினு படிங்க."

"ட."

"அடுத்த வரி?"

"கலங்கலா இருக்குதும்மா."

மறு கண்ணுக்கும் அதே 'ட'. அதே கலங்கல்.

"எழுந்து வாங்க. பாதி தூரத்துல நில்லுங்க. இப்ப?"

"ட."

"அதுக்குக் கீழ?"

"ஒண்ணும் தெரியலம்மா."

கமலா கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள்.

"டிரைவரே, கண்ணு நெசமாவே கெட்டவன் கிட்ட வந்தா, இன்னும் ரெண்டு வரி தெரிஞ்சே ஆவணும். எங்க நின்னாலும் அதே எழுத்துல நிக்கறவன் பொய்யன். டிப்போவுல குந்திகினு நோவாம சம்பளம் வாங்கலாம்னு பாக்கறீங்களா?"

"வண்டி கழுவறதுல இன்னாம்மா சொகம்? ஸ்டியரிங்கு புடிச்சே காய்ச்சுப் போன கை இது."

"அப்ப எதுக்கு இந்த நாடகம்? காலைல டாக்டரு கேட்டப்ப எல்லாம் பளிச்சினு தெரியுதுன்னீங்களாமே?"

"அது காலைல. மத்தியானம் வெளிய பெஞ்சில குந்திகினு இருந்தேன். கல்லு வுட்ட புள்ள எம் எதுருலயே நடந்து போறான்."

"ஏட்டுகிட்ட சொல்றதுதான?"

"கூப்புட வாயத் தொறந்துட்டேன். அப்பதான் பார்த்தேன், அவன் கைல சாப்பாட்டுக் கேரியரு. அந்த வெயில்ல சட்டையெல்லாம் நனைஞ்சி, அவங்கம்மாவுக்குக் கொண்டாந்திருக்கான். கேசு ஆச்சின்னா ஆயுசுக்கும் அவனுக்கு சர்க்காரு வேலை கெடையாதும்மா. எதுக்காக ரோட்டுல நின்னானோ, அதையே நான் புடுங்கிக்கறதா?"

"அப்ப ஆளு தெரியலன்னு சொல்லிட்டுப் போங்க."

"பார்த்தேன்னு எழுதிக் குடுத்துட்டேனே! மாத்திப் பேசினா ஸ்டேஷன்ல சும்மா வுடுவாங்களா? கண்ணே கம்மின்னா யாரும் கேக்க மாட்டாங்க."

கமலாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"நல்ல ஞாயம் போங்க! கல்லு கொஞ்சம் தள்ளி உழுந்திருந்தா வண்டில இருந்தவங்க கதி இன்னா ஆவறது? அந்தக் காலிப்பயலுக்காக நீங்க பொழப்ப வுடணுமா? அவன சொல்லக் கூடாது. பெத்து வளத்தாளே, அவள சொல்லணும். எந்த வார்டுல படுத்திருக்கா? நானே போயி நாலு வார்த்தை கேக்கறேன்!"

பொன்னுரங்கத்தின் பார்வை அவள் மேசைக்குப் போனது. அங்கே, சற்றுமுன் அவள் கழுவிக் கவிழ்த்த கேரியர் தட்டுகள் சொட்டிக்கொண்டிருந்தன.

கமலா மெதுவாக உட்கார்ந்தாள். மறியலால் காலேஜ் மூடியதிலிருந்து மகன் தீனதயாளன்தான் தினமும் சாப்பாடு கொண்டுவருகிறான்.

"கட்டம் போட்ட சட்டையா?"

"நான் இன்னாத்தம்மா கண்டேன்? எனக்குத்தான் கண்ணு தெரியலையே."

வெளியே லத்திச் சத்தம் திரும்பி வந்தது. ஆதிமூலம் தலையை நீட்டினார்.

"ஆச்சிங்களா?"

கமலா பேனாவை எடுத்தாள். பொன்னுரங்கம் பதறி, "அம்மா, வேணாம்மா" என்றார். அவள் எழுதி முடித்துத்தான் நிமிர்ந்தாள்.

"ரெண்டு கண்ணும் சுத்தமா இருக்குது ஏட்டய்யா. திங்கக்கிழமை வண்டி எடுக்கட்டும். ஜீப்புல எங்கயும் சுத்த வேணாம். கல்லு வுட்டவன சாயங்காலம் நானே ஸ்டேஷனுக்கு இட்டுகினு வரேன். என் புள்ளதான்."

ஆதிமூலம் அவள் நீட்டிய சீட்டை வாங்கிக்கொண்டார்.

கமலா குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அடுத்தது யாரு, வாங்க. ஸ்டூல்ல குந்துங்க. எடது கண்ண மூடிக்கினு படிங்க."